அடுப்புக்கரியும் வைரமும் ஒன்றுதானா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மாணவி எழுதியிருக்கிறார். கேள்வியின் சுருக்கம் இதுதான்: "அடுப்புக்கரி, பென்சில் காரீயம், வைரம் மூன்றும் காபன் என்ற ஒரே மூலகம் என்று பாடத்தில் இருக்கிறது. ஒன்று கையில் ஒட்டுகிறது, இன்னொன்று கண்ணாடியை அறுக்கிறது. எப்படி நம்புவது? கரியை வைரமாக்க முடியுமா? காபனுக்கு மட்டும் ஏன் இத்தனை சேர்வைகள்? அப்புறம், குளிருக்கு நாங்கள் இரவில் காம்பராவுக்குள் நெருப்புச் சட்டி வைப்போம். காலையில் அம்மாவுக்குத் தலைவலி. அதற்கும் இந்தப் பாடத்துக்கும் தொடர்பு இருக்கிறதா?"

மகள், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது பரீட்சையை விடப் பெரியது. தொடர்பு நிச்சயமாக இருக்கிறது. இன்றிரவு அந்தச் சட்டியை உள்ளே வைக்க வேண்டாம்.

கரி நன்றாகக் காற்றுப் பட்டு எரிந்தால், ஒரு காபன் அணு இரண்டு ஒட்சிசன் அணுக்களைப் பிடித்துக்கொண்டு காபனீரொட்சைட்டாகப் போகும். சட்டியின் அடியில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த வாயு மேலே வரும் வழியில் சிவந்து கிடக்கும் கரியைக் கடக்க வேண்டும். அங்கே அது இன்னொரு காபன் அணுவோடு சேர்ந்து காபனோரொட்சைட்டாக மாறிவிடுகிறது. நெருப்புச் சட்டியின் மேலே சில நேரம் மெல்லிய நீலச் சுடர் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாயுதான் அப்படி எரிகிறது. எரியாமல் மிஞ்சுவது காம்பராவுக்குள் தங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்று, குமட்டல் எல்லாம் அதன் முதல் அறிகுறிகள். புகை இல்லாத தணல் ஆபத்தில்லை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். உண்மையில் புகை இருந்தால் கண் எரிந்து எழுந்துவிடுவோம், தணலில் அந்த எச்சரிக்கையும் இல்லை. பக்கத்தில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தால் சரியாகிவிடும் என்பதும் பிழை. அந்த வாயு தண்ணீரில் கரைவது மிகக் குறைவு.

சின்ன வயதில் எங்கள் லயத்திலும் தை மாதப் பனிக்கு இதையே செய்தோம். ஒரு நாள் விடியற்காலை அப்பாயி எழுந்து நிற்க முடியாமல் கதவுக்குப் பக்கத்தில் சாய்ந்துவிட்டார். பேய் அடித்துவிட்டது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஸ்தோப்பில் கொண்டுபோய் உட்கார வைத்து, கொஞ்ச நேரம் நல்ல காற்றுப் பட்ட பிறகு தெளிந்தார். அது என்ன என்று எனக்குப் புரிந்தது பல வருடம் கழித்து, உயர்தர இரசாயன வகுப்பில். அதனால்தான் இதை முதலில் எழுதினேன்.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

காபனின் அணுவெண் 6. அதாவது கருவில் 6 புரோத்தன், வெளியே 6 இலத்திரன். உள் ஓட்டில் 2, வெளி ஓட்டில் 4. இந்த நாலில்தான் எல்லாக் கதையும் இருக்கிறது. வெளி ஓடு நிறைய 8 வேண்டும். சோடியம் மாதிரி இருப்பதைக் கொடுத்துவிடலாம் என்றால் நாலையும் கழற்றுவதற்குச் சக்தி மிக அதிகம் வேண்டும். குளோரீன் மாதிரி வாங்கிக்கொள்ளலாம் என்றால் நாலை வாங்கி வைத்திருக்க அந்தச் சின்னக் கருவால் முடியாது. கொடுக்கவும் முடியாமல் வாங்கவும் முடியாமல், காபன் பங்குக்குப் போகிறது. பக்கத்து அணுவோடு ஒவ்வொரு இலத்திரனைப் பொதுவில் வைத்துக்கொள்கிறது. பங்கீட்டு வலுப் பிணைப்பு என்று படித்தீர்களே, அது இதுதான். காபனுக்கு நாலு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கையையும் சும்மா வைத்திருக்க அதற்குப் பிடிக்காது.

இப்போது கேள்வி, அந்த நாலு கைகளும் யாரை, எந்தத் திசையில் பிடித்திருக்கின்றன? கரி, காரீயம், வைரம் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஓர் இடத்தில்தான். அணு ஒன்றே, கோத்த விதம் வேறு. இதைப் பிறதிருப்பம் என்கிறோம்.

காரீயத்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது நம் நாட்டுச் சொத்து. என் மேசையில் உள்ளங்கை அளவில் ஒரு துண்டு இருக்கிறது. முதலில் பார்ப்பவர்கள் ஏதோ உலோகம் என்றுதான் நினைப்பார்கள், அப்படி ஒரு வெள்ளிச் சாயல் மினுமினுப்பு. தொட்டால் எண்ணெய் தடவினது போல் வழுக்கும். விரலைப் பார்த்தால் சாம்பல் கறுப்பாக அப்பியிருக்கும். உடைந்த பக்கத்தில் ஊசி ஊசியாக நீண்ட கோடுகள். பாறை வெடிப்புக்குள் சுவரில் இருந்து வளர்ந்த அடையாளம் அது. கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கமும் குருணாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ சுரங்கமும் இந்த நாளக் காரீயத்துக்குப் பேர் போனவை. மற்ற நாடுகளில் காரீயம் பெரும்பாலும் பாறையோடு செதில் செதிலாகக் கலந்து கிடக்கும், அரைத்துப் பிரிக்க வேண்டும். இங்கே நரம்பு போல் ஓடும் நாளங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தூய காபனாகவே கிடைக்கிறது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் உருக்குக் காய்ச்சும் பாத்திரங்களான மூசைகளுக்காக இதற்கு உலகமெங்கும் பெரிய தேவை இருந்தது. நாட்டின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் தந்தை செல்வம் சேர்த்ததும் காரீயச் சுரங்கத்தில்தான்.

மூசைக்கு ஏன் காரீயம்? சாதாரண அமுக்கத்தில் காபன் உருகுவதே இல்லை. 3600 பாகை செல்சியசுக்கும் மேலே போனால் திண்மத்தில் இருந்து நேரே ஆவியாகிவிடும். உருக்கு உருகுவது கிட்டத்தட்ட 1500 பாகையில். கொதிக்கிற உருக்கைத் தாங்க இதை விட நல்ல பாத்திரம் எது?

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார் என்றால் கறுப்பு, காரீயம் என்றால் கறுப்பு ஈயம். பேரில் ஈயம் இருந்தாலும் பொருளில் ஈயம் துளியும் இல்லை. பழைய ஆட்கள் நிறத்தையும் வழுவழுப்பையும் வைத்து ஈயத்தின் சொந்தக்காரன் என்று நினைத்துவிட்டார்கள். ஐரோப்பாவிலும் இதே குழப்பம் இருந்தது. 1779இல் ஷீலே என்ற சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர்தான் அதை ஒட்சியேற்றிக் காபனீரொட்சைட்டு வருவதைக் காட்டி, இது காபன் என்று நிறுவினார். பென்சிலுக்குள் இருப்பது காரீயமும் களிமண்ணும் கலந்த கலவை. பென்சில் குத்தினால் ஈய விஷம் ஏறும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்கு ஆதாரம் இல்லை.

காரீயத்தில் ஒவ்வொரு காபனும் மூன்று கைகளால் மூன்று அயலாரைப் பிடித்திருக்கிறது. அப்படிப் பிடித்தால் தேன்கூடு மாதிரி அறுகோணங்களால் ஆன ஒரு தட்டையான தாள் கிடைக்கும். தாளுக்குள் அணுவுக்கு அணு தூரம் 0.142 நானோமீற்றர் (ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீற்றர்), பிடி மிக உறுதி. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையில் 0.335 நானோமீற்றர், அங்கே மெல்லிய கவர்ச்சி மட்டும்தான். வெற்றிலை அடுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் இலையைக் கிழிக்கக் கொஞ்சம் பலம் வேண்டும், ஆனால் அடுக்கைத் தள்ளினால் இலைக்கு மேல் இலை வழுக்கிக்கொண்டு போகும். நீங்கள் பென்சிலால் எழுதும்போது தாள்கள் வழுக்கிக் கொப்பியில் ஒட்டுகின்றன. ஒரு மில்லிமீற்றர் தடிப்புக் காரீயத்தில் ஏறக்குறைய முப்பது இலட்சம் தாள்கள் இருக்கும்.

நாலாவது கை என்ன ஆனது? அந்த இலத்திரன் யாருக்கும் சொந்தமில்லாமல் தாள் முழுக்க உலாவுகிறது. அதனால்தான் உலோகம் அல்லாத ஒன்று மின்சாரத்தைக் கடத்துகிறது. இதை நம்பச் சொல்லி நான் கேட்கவில்லை, செய்து பாருங்கள். ஒரு பென்சிலை இரண்டு பக்கமும் சீவுங்கள். டோர்ச் பெற்றரி இரண்டை வரிசையாக வைத்து, ஒரு சிவப்பு எல்.ஈ.டி. பல்பை இடையில் இந்தப் பென்சில் வரும்படி வயரால் இணையுங்கள். எரியாவிட்டால் பல்பின் கால்களை மாற்றிக் கொடுங்கள். பென்சிலின் மரத்தைத் தொட்டால் எரியாது, நடுவில் உள்ள கறுப்பைத் தொட்டால் எரியும். நான் வகுப்பில் இதைச் செய்து காட்டிய போதெல்லாம் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகள்கூட எழுந்து முன்னுக்கு வந்துவிடுவார்கள்.

வைரத்தில் நாலு கையும் வேலை செய்கிறது. ஒவ்வொரு காபனும் நான்முகியின் நாலு மூலைகளை நோக்கி நாலு காபன்களைப் பிடித்திருக்கிறது. அவை ஒவ்வொன்றும் இன்னும் மூன்று பேரை, இப்படியே மேலும் கீழும் பக்கவாட்டிலும் முடிவில்லாமல். வழுக்குவதற்கு அங்கே தாளே கிடையாது. ஓர் அணுவை அசைக்க வேண்டுமென்றால் நாலு பிணைப்பை முறிக்க வேண்டும். மோ கடினத்தன்மை அளவீட்டில் வைரம் 10, காரீயம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில். வைரத்தில் அணுக்கள் நெருங்கி இருப்பதால் அடர்த்தியும் கூட: கன சென்ரிமீற்றருக்கு 3.51 கிராம், காரீயத்துக்கு 2.26 கிராம்தான். உலாவுகிற இலத்திரன் இல்லாததால் வைரம் மின்சாரத்தைக் கடத்தாது, ஒளியையும் விழுங்காமல் விட்டுவிடும். ஆனால் வெப்பத்தைச் செம்பை விட ஐந்து மடங்கு வேகமாகக் கடத்தும். அணுக்கள் அவ்வளவு விறைப்பாகக் கோத்திருப்பதால் ஒரு மூலையில் வரும் அதிர்வு மறுமூலைக்கு உடனே போய்விடுகிறது.

ஒரே மூலகம் என்று எப்படி நம்புவது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி, இதை 18ஆம் நூற்றாண்டுக்காரர்களும் கேட்டார்கள். 1772இல் லவோசியர் பெரிய கண்ணாடி வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்தார். கரி எரிந்தால் வரும் அதே வாயுதான் வந்தது. ஆனாலும் வைரத்துக்குள் வேறு ஏதாவது கொஞ்சம் இருக்கலாமே என்ற சந்தேகம் போகவில்லை. 1797இல் ஸ்மித்சன் ரெனன்ட் என்ற ஆங்கிலேயர் வைரத்தை வெடியுப்போடு சேர்த்துத் தங்கப் பாத்திரத்தில் எரித்து, வந்த வாயுவை அளந்தார். ஒரே எடைக் கரியில் இருந்தும் வைரத்தில் இருந்தும் ஒரே அளவு காபனீரொட்சைட்டு. வேறு எதற்கும் இடமில்லை, வைரம் முழுக்கக் காபன். தன் கையால் ஒரு வைரத்தை எரித்து இல்லாமல் ஆக்கி உண்மையைத் தேடிய அந்த மனிதர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

இந்த இடத்தில் நம் நாட்டுப் பிள்ளைகள் ஒரு தவறு செய்வார்கள். இரத்தினபுரியில் எடுக்கும் நீலக்கல்லும் மாணிக்கமும் காபன் என்று எழுதிவிடுவார்கள். அவை அலுமினியம் ஒட்சைட்டு. மாத்தறை வைரம் என்று பழைய நகைக்காரர்கள் சொல்வதும் வைரம் இல்லை, சேர்க்கோன் என்ற வேறு கல். "வைரம் பாய்ந்த கட்டை" என்கிறோமே, மரத்தின் நடுவில் இறுகிய பகுதி, அதில் காபன் நிறைய உண்டு, ஆனால் அது ஐதரசனோடும் ஒட்சிசனோடும் சேர்ந்த சேர்வை.

சரி, கரிக்கு வருவோம். காபனைக் கையால் ஆக்கிப் பார்க்க வேண்டுமா? குப்பி லாம்பைக் கொளுத்தி, ஒரு சில்வர் கரண்டியின் பின்பக்கத்தை மஞ்சள் சுடருக்குள் ஒரு கணம் பிடித்து எடுங்கள். கறுப்பு வெல்வெட் மாதிரி படிந்திருக்கும். மண்ணெண்ணெயில் இருந்த ஐதரசன் முதலில் ஒட்சிசனைப் பிடித்துக்கொண்டு போக, எரிய நேரம் கிடைக்காத காபன் துணிக்கைகள் அவை. சுடருக்குள் இருக்கும்போது இந்தத் துணிக்கைகள்தான் சூடேறி மஞ்சளாக ஒளிர்கின்றன. குப்பி லாம்பு வெளிச்சத்தில் படித்த ஒவ்வொரு பிள்ளையும் காபன் வெளிச்சத்தில்தான் படித்தது.

அடுப்புக்கரி வேறு வழியில் வருகிறது. கவ்வாத்து மலையில் இருந்து அம்மா கட்டிக்கொண்டு வரும் மிலாறின், அதாவது வெட்டிய தேயிலைக் கிளைகளின், காய்ந்த எடையில் ஏறக்குறையப் பாதி காபன். காற்றுப் போதாமல் சூடேறும்போது நீரும் மற்ற வாயுக்களும் வெளியேறிக் காபன் எலும்புக்கூடு மிஞ்சுகிறது. அதில் காரீயத் தாளின் துண்டு துணுக்குகள் ஒழுங்கில்லாமல் தாறுமாறாகக் கிடக்கும், இடையில் எண்ணில்லாத துளைகள். அதனால் கரி இலேசு, தட்டினால் கிணுங் என்று சத்தம். அந்தத் துளைகளின் சுவர்தான் அதன் செல்வம். நம் நாட்டில் சிரட்டைக்கரியை நீராவியில் மேலும் சூடேற்றி உயிர்ப்பூட்டிய கரி செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். அதில் ஒரு கிராமுக்குள் ஒளிந்திருக்கும் பரப்பு 1000 சதுர மீற்றர்வரை வரும். தண்ணீர் வடிகட்டியில் மணத்தையும் நிறத்தையும் பிடித்து வைப்பது அந்தப் பரப்புத்தான்.

கரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாறையில் ஒட்சிசனோடு ஒட்டிக் கிடக்கும் இரும்பைப் பிரித்தெடுக்க, ஒட்சிசனை இன்னும் ஆசையோடு பிடிக்கும் ஒருவர் வேண்டும். சூடான காபன் அதைச் செய்யும். மலைநாட்டின் தெற்குச் சரிவில், பலாங்கொடைக்குப் பக்கத்துச் சமனலவெவவில், 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை மக்கள் மேற்கு நோக்கிய மேட்டு விளிம்புகளில் உலை கட்டி, தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு காய்ச்சினார்கள். ஆய்வாளர்கள் அந்த உலைகளைத் தோண்டி எடுத்து, அதே மாதிரி ஒன்று கட்டி எரித்துப் பார்த்தபோது காபன் கூடிய உருக்கே கிடைத்தது. இரும்பு உருக்காவதற்கு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைந்த காபன் போதும். நம் மலைக்காற்றுக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு என்று தெரிந்த நாள் எனக்குப் பெருமையாக இருந்தது.

கரியை வைரமாக்க முடியுமா? காபனாக இருந்தால் முடியும், அடுப்பில் முடியாது. இயற்கையில் வைரம் பெரும்பாலும் 150 கிலோமீற்றர் போன்ற ஆழத்தில், பெரிய அமுக்கத்தில் உண்டாகிறது. 1954இல் அமெரிக்காவில் காரீயத்தை வளிமண்டல அமுக்கத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு நெருக்கி, 1000 பாகைக்கு மேல் சூடாக்கி வைரம் செய்தார்கள். இன்று பாறை துளைக்கும் கருவிகளின் முனையில் இருப்பது பெரும்பாலும் இந்தச் செயற்கை வைரம்தான். வேடிக்கை என்னவென்றால், நாம் வாழும் அமுக்கத்தில் காரீயம்தான் அதிக உறுதியான நிலை. வைரம் மெல்லக் காரீயமாக மாற வேண்டிய பொருள். ஆனால் அத்தனை பிணைப்புகளையும் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருப்பதால் அந்த மாற்றம் கோடி ஆண்டுகளிலும் நடக்காது. மோதிரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

புத்தகத்தில் இன்னும் இரண்டு பெயர்கள் வரும். 60 காபன்கள் உதைபந்து போல் உருண்டு நிற்கும் புலரீன், 1985இல் கண்டது. காரீயத்தின் ஒற்றைத் தாளான கிரபீன், 2004இல் ஒட்டும் ரேப்பால் உரித்தே எடுத்தது. இரண்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரண தரத்துக்கு இவ்வளவு போதும்.

இனி, ஏன் இத்தனை சேர்வைகள்? மற்ற மூலகங்களும் பிணைப்பு உண்டாக்கும், ஆனால் தன்னையே தான் பிடித்து நீண்ட சங்கிலியாகப் போவதில் காபனுக்கு இணையில்லை. ஆவர்த்தன அட்டவணையில் அதற்கு நேர் கீழே இருக்கும் சிலிக்கனுக்கும் நாலு கைதான். ஆனால் அந்த அணு பெரியது, சிலிக்கனும் சிலிக்கனும் பிடிக்கும் பிடி தளர்ந்தது, ஒட்சிசனைக் கண்டால் விட்டுவிட்டு ஓடிவிடும். அதனால் சிலிக்கன் மணலும் பாறையுமானது. காபனோ நேராகப் போகும், கிளை விடும், வளையமாகும், ஒரு கை கொடுக்கும், இரண்டு மூன்று கை சேர்த்தும் கொடுக்கும். கோடிக்கணக்கான சேர்வைகள் அப்படித்தான் வந்தன. நீங்கள் காலையில் குடிக்கும் தேத்தண்ணியை எடுங்கள். சுறுசுறுப்புத் தரும் கபேனில் 8 காபன், 10 ஐதரசன், 4 நைதரசன், 2 ஒட்சிசன். போட்ட சீனியில் 12 காபன், 22 ஐதரசன், 11 ஒட்சிசன். கொழுந்தை நொறுக்கியதும் சிவப்பதற்குக் காரணமான பொருட்களும் காபன் வளையங்கள்தான். கோப்பையைப் பிடித்திருக்கும் நீங்கள் 50 கிலோ என்றால் அதில் 9 கிலோ காபன்.

எல்லாக் காபனும் ஒரே எடை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கு 99 பங்கு காபன்-12, ஒரு பங்கு காபன்-13. மிக மிகச் சிறிய அளவில் காபன்-14 உண்டு, அது கதிர்த்தொழிற்பாடு உள்ளது, 5730 ஆண்டில் பாதியாகும். உயிரோடு இருக்கும்வரை செடி அதைக் காற்றில் இருந்து எடுத்துக்கொண்டே இருக்கும், இறந்த பிறகு குறைந்துகொண்டே போகும். ஹோட்டன் சமவெளிச் சதுப்பில் படிந்த கறுப்புச் சேற்றை இந்தக் கணக்கால் அளந்துதான், அந்தப் படிவுகள் 20,000 ஆண்டுகளுக்கும் முந்திய காலநிலையைச் சொல்கின்றன என்று கண்டார்கள்.

பரீட்சையில் பிறதிருப்பம் பற்றிக் கேட்டால், குணங்களை மட்டும் பட்டியல் போடாமல் ஒவ்வொரு குணத்துக்கும் பக்கத்தில் "ஏனென்றால்" என்று ஆரம்பித்துப் பிணைப்பைச் சொல்லுங்கள். காரீயம் கடத்தும், ஏனென்றால் நாலாவது இலத்திரன் சுயாதீனமானது. வைரம் கடினம், ஏனென்றால் நாலு பிணைப்பும் முப்பரிமாணத்தில். புள்ளி அந்த "ஏனென்றால்" உள்ள இடத்தில்தான் இருக்கிறது.

நெருப்புச் சட்டியை வெளியே வைத்த பிறகும் அம்மாவுக்குக் காலைத் தலைவலி தொடர்ந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இரவில் உள்ளே கரி எரித்ததை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நின்றுவிட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மகள்.